பொத்தான் வைத்த மிஷினும் புட்டசாமியின் நெஞ்சும்

1

நம் பள்ளிப் பழைய மாணவர் மலரில் ‘கடல் கடந்தவர்கள்’ பகுதிக்கு எழுதித் தரும்படி ஆரணியிலிருந்து கடிதம் வந்தது. துபாய்க்காரன், சிங்கப்பூர்க்காரன் எல்லாரும் எழுதி முடித்துவிட்டார்களாம், இன்னும் சில பக்கம் மீதி இருக்கிறதாம். நான் கடந்தது பாலாறு ஒன்றுதான். அதிலும் தண்ணீர் இல்லை. ஆனாலும் பெங்களூருக்கு வந்து பத்து வருஷம் முடிந்துவிட்டது. பாஷை புரியாமல் ஓர் ஊரில் பத்து வருஷம் பிழைத்தவனை வெளிநாட்டுக்காரன் என்று ஒப்புக்கொண்டால் உங்களுக்கு ஒன்றும் குறைந்துவிடாது.

துபாய்க்காரனிடம் ஒட்டகக் கதை இருக்கும். என்னிடம் இருப்பது ஒரு வெல்டிங் மிஷின் கதை. அந்த மிஷினை வைத்து, என் உயிரைக் காப்பாற்றிய மனிதரையே தீர்த்துக்கட்டிவிட்டேனா இல்லையா என்று தெரியாமல் மூன்று நாள் இருந்தேன். எட்டாம் வகுப்பிலேயே நீங்கள் எனக்கு வைத்த ‘தொடைநடுங்கி’ என்ற பட்டத்தை இந்த ஊரிலும் நான் கைவிடவில்லை என்பதற்கு இதுவே சாட்சி.

நாங்கள் இருப்பது அடுகோடியில், ஹொசூர் ரோட்டிலிருந்து இரண்டு திருப்பம் உள்ளே. கீழ்வீட்டில் நான், மனைவி வசந்தா, பத்தாவது படிக்கும் மகள் கவிதா. மாடியில் வீட்டுக்காரர் புட்டசாமியும் அவர் மனைவி ஜெயம்மாவும். புட்டசாமி பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகராக முப்பது வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர், கன்னடக்காரர். எங்களோடு மட்டும் மரியாதைக்காகத் தமிழ் பேசுவார். ஜெயம்மாவுக்குக் கன்னடம் மட்டும்தான்.

தொண்ணூற்றொன்றில் நாங்கள் குடிவந்த சில மாதத்தில் இரண்டு மாநிலத்துக்கும் தண்ணீர்ச் சண்டை வந்து, தமிழர்களைத் தேடித் தேடி அடித்தார்கள். ஒருநாள் மத்தியானம் ஏழெட்டுப் பேர் கேட்டுக்கு வெளியே நின்று, கீழ்வீட்டில் யார் என்று கேட்டார்கள். நான் கதவுக்கும் சுவருக்கும் நடுவில் இருந்தேன். அங்கே ஒரு துடைப்பமும் இருந்தது. கொஞ்ச நேரத்திலேயே நெருங்கிவிட்டோம். புட்டசாமி உள்ளே வந்து, என் கையைப் பிடித்து வெளியே இழுத்தார். “எது கேட்டாலும் ‘ஹௌது’ மட்டும் சொல்லுங்கோ. வேற வாய் தெறக்காதீங்கோ” என்று காதில் சொன்னார். ஹௌது என்றால் ஆமாம். கேட்டுக்கு வெளியே நின்றவர்களிடம், “இவர் என் சகலை, கோலார்காரர்” என்று கன்னடத்தில் அறிமுகப்படுத்தினார். அவர்கள் நாலு கேள்வி கேட்டார்கள். நாலுக்கும் ஹௌது என்றேன். அதில் ஒரு கேள்வி “என்ன வேலை செய்கிறீர்கள்?” என்பதாம். “பாவம், ஒரு மாதிரிபோல” என்று சிரித்துக்கொண்டே போய்விட்டார்கள்.

அன்றிலிருந்து நான் அவருக்குச் சகலை. என்னைவிடப் பதினாறு வயது மூத்த சகலை வேறு யாருக்கு வாய்க்கும்? என்னைக் காப்பாற்றிய அந்த ஒற்றைச் சொல்லையும் நான் விடவில்லை. புரிந்தாலும் ஹௌது, புரியாவிட்டாலும் ஹௌது. நான் வேலை செய்யும் மூக்குக்கண்ணாடிக் கடையில் தமிழும் உருதுவும் இங்கிலீஷும் போதும். காய்கறிக்காரர் நம் முகத்தைப் பார்த்தவுடனே தமிழுக்கு மாறிவிடுவார். கற்றுக்கொள்ள விடமாட்டேன் என்று ஊரே கைகோத்து நிற்கும்போது நான் என்ன செய்ய?

2

மூக்குக்கண்ணாடி விற்கிறவனுக்கு வெல்டிங் எதற்கு? வசந்தாவும் இதைத்தான் கேட்டாள். உடைந்த பிரேமை ஒட்டவைக்கப் போய், அப்படியே தொற்றிக்கொண்ட ஆசை அது. எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி ரஹீம் பாய் பட்டறை வைத்திருக்கிறார். ஓட்டல்களுக்கு எவர்சில்வர் மேஜை, தொட்டி செய்து கொடுப்பார். சாதாரண வெல்டிங்கை நாமெல்லாம் பார்த்திருக்கிறோம். சடசட சத்தம், பொறி, தீபாவளி. பாய் கையில் இருந்தது வேறு. அதற்கு டிக் வெல்டிங் என்று பெயர். முனையில் ஊசி மாதிரி ஒரு டங்ஸ்டன் குச்சி, அதைச் சுற்றிக் கண்ணுக்குத் தெரியாத ஆர்கான் வாயு. ஒரு கையில் டார்ச், மறு கையில் கம்பி. சத்தமே இல்லை. முகமூடிக் கண்ணாடி வழியே பார்த்தால் உருகிய எஃகு ஒரு சொட்டுக் குளமாக மினுங்கும். கம்பியைத் தொட்டுத் தொட்டுக் கோலம் போடுவது போல நகர்த்த வேண்டும். ஒரு வருஷம் ஞாயிற்றுக்கிழமைதோறும் போய்க் கற்றுக்கொண்டேன். பிறகு சொந்தமாக மிஷின் வேண்டும் என்று புத்தி கெட்டது. எங்கள் வீட்டில் கார் ஷெட் உண்டு. கார்தான் கிடையாது.

பாயிடம் அப்போது விற்பனைக்கு மூன்று பழைய மிஷின்கள் இருந்தன. நான் அவற்றைப் பெண் பார்ப்பது போலச் சுற்றிவந்தேன்.

“சாப், மிஷினைப் பாக்காதீங்க. என்னா ஒட்டப்போறீங்க, அதை மொதல்ல சொல்லுங்க.”

“இரும்பு, எவர்சில்வர்.”

“அலுமினியம்?”

“என்னைக்காவது ஒருநாள் ஒட்டலாம்னு...”

“என்னைக்காவது ஒருநாள் ஊர்வலம் போறதுக்கு இப்பவே யானை வாங்குவீங்களா? இந்தப் பெரிய மிஷின் அலுமினியத்துக்கு. மூணு ஃபேஸ் கரண்டு கேக்கும். உங்க வீட்டு மீட்டர் அழுதுடும். தள்ளுங்க.”

மிச்சம் இரண்டு. ஒன்று சாதாரண மிஷினில் டிக் டார்ச் மாட்டியது, மலிவு. அதில் டங்ஸ்டன் முனையைத் தீக்குச்சி கிழிப்பது போல இரும்பில் உரசித்தான் நெருப்பைப் பற்றவைக்க வேண்டும். உரசும்போது முனை அழுக்காகும், திரும்பத் திரும்பச் சாணை பிடிக்க வேண்டும், வேலையிலும் ஒரு பருக் கொப்புளம் விழும். மற்றது அதைவிட ஒன்றரை மடங்கு விலை. ஆனால் அதன் டார்ச்சில் ஒரு சிவப்புப் பொத்தான் இருந்தது. அழுத்தினால் முனை இரும்பைத் தொடாமலே பொறி தாவிப் பற்றிக்கொள்ளும்.

“வீட்டுக்கு உரசுறதே போதும் சாப். ஒரு மாசம் என்னைத் திட்டுவீங்க, அப்றம் கை பழகிடும்.”

என் கண் பொத்தானைவிட்டு நகரவில்லை. பாய் பெருமூச்சு விட்டார். “சரி, இதுவும் கேட்டுக்கோங்க. இதுல பொறி தாவுதே, அது பொல்லாத கரண்டு. பக்கத்து வீட்டு டீவி கோடு கோடாப் போகும். வீட்ல யாருக்காச்சும் நெஞ்சுல பேட்டரி கீட்டரி வெச்சிருக்கா? இருந்தா இது கிட்டவே வரக்கூடாது.”

“எங்க வீட்ல யாருக்கும் நெஞ்சே கிடையாது பாய்” என்றேன். பட்டறையே சிரித்தது. என் நகைச்சுவையில் எனக்கே அப்படியொரு பெருமை.

சீட்டு எடுத்த பணத்தில் பொத்தான் மிஷின் ஷெட்டுக்கு வந்தது. கிளம்பும்போது பாய், “ஒத்துவரலேன்னா கொண்டாங்க, மாத்திக்கலாம். உங்களைப் பாத்தா திரும்பி வர்ற ஆளாட்டம்தான் தெரியுது” என்றார். வசந்தா மிஷினைச் சுற்றிப் பார்த்துவிட்டு, “இன்னாங்க, இதுல இட்லி வேகுமா?” என்றாள்.

3

மிஷின் வந்தும் ஓட்ட முடியவில்லை. வீட்டு மீட்டருக்கு அத்தனை சுமை தாங்க அனுமதி இல்லை. கூடுதல் சுமைக்கு மின்வாரிய அலுவலகத்தில் மனுப் போட வேண்டும். மனு கன்னடத்தில். கவிதா நிரப்பிக் கொடுத்தாள். என் மகள் கன்னடத்தை மணிமணியாக எழுதுவாள். தமிழில் தன் பெயரை எழுதச் சொன்னால் வரைபடம் வரைவது போல நாக்கைக் கடித்துக்கொள்வாள். அலுவலகத்தில் இருந்தவர் மனுவைப் பார்த்து, என்ன உபயோகம் என்றார். ஆசைக்கு என்றேன். வீடு, கடை, தொழில், விவசாயம் என்று நாலு கட்டம்தான் இருந்தன. ஆசைக்குக் கட்டம் இல்லை. நான்கையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “மீட்டர் யார் பேரில் இருக்கிறதோ அவர் கையெழுத்தோடு வாருங்கள்” என்று திருப்பி அனுப்பினார்.

மீட்டர் புட்டசாமி பேரில். புட்டசாமி அந்த வாரம் ஆஸ்பத்திரியில். மாடியில் தலைசுற்றி விழுந்து, ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போயிருந்தார்கள். இனி நான் எழுதுவதற்கு நீங்கள் என்னைத் திட்டலாம். ஒரு கையில் சாத்துக்குடிப் பை, மறு கையில் மின்வாரிய மனு. அந்தக் கோலத்தில்தான் நானும் கவிதாவும் அவரைப் பார்க்கப் போனோம். அவர் படுக்கையில் சாய்ந்தபடியே கையெழுத்துப் போட்டார். “சகலை, என் உயில் கொண்டு வந்தீங்களா அந்த நோடிதே” என்று சிரித்தார். ‘அந்த நோடிதே’ என்றால் ‘என்று பார்த்தேன்’.

வெளியே வராந்தாவில் ஜெயம்மா என்னைப் பிடித்துக்கொண்டார். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, அழுகையும் பேச்சுமாக, வேகமான கன்னடத்தில் கடகடவென்று சொன்னார். பாதி வார்த்தை முந்தானைக்குள்ளேயே போய்விட்டது. மாடிக்கு வளைந்து ஏறும் இரும்புப் படிக்கட்டைப் பற்றி ஏதோ சொன்னார். அவர் எப்படி ஏறுவார் என்ற கவலை அது, அதுவரை புரிந்தது. பிடித்து ஏறுவதற்கு நானே எவர்சில்வரில் கைப்பிடி செய்து தருகிறேன் என்று முந்தின வாரமே வாக்குக் கொடுத்திருந்தேன். பேச்சின் நடுவில் ‘வெல்டிங்’ என்று ஒரு சொல் வந்தது. என் புகழ் ஆஸ்பத்திரி வரை பரவிவிட்டதே என்று உள்ளம் குளிர்ந்து, முன்னைவிட வேகமாகத் தலையாட்டினேன். “ஹௌது, ஹௌது.” ஜெயம்மா என் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். ஒரு கைப்பிடிக்கு இவ்வளவு நன்றியா என்று கொஞ்சம் கூச்சமாகக்கூட இருந்தது. கவிதா பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அப்பாவுக்குத்தான் புரிந்துவிட்டதே என்று அவளும் ஒன்றும் சொல்லவில்லை.

4

சுமைக்கு அனுமதி கிடைத்த பின் வந்த முதல் ஞாயிறு. புட்டசாமி செவ்வாய்க்கிழமைதான் வருவார் என்று பேச்சு. அதற்குள் கைப்பிடியை முடித்து அவரை அசத்துவதாகத் திட்டம். காலை பதினொரு மணி. எவர்சில்வர் குழாய்களை அளந்து அறுத்து, படிக்கட்டின் பக்கமாக முட்டுக் கொடுத்து நிறுத்தினேன். மிஷினிலிருந்து வரும் எர்த் கிளிப்பைப் படிக்கட்டின் நடுக் கம்பத்தில் கடிக்கவிட்டேன். அந்தக் கிளிப்பைக் கடிக்கவிட்ட இடம் எதுவோ, அது முழுக்கக் கரண்டின் பாதை. எங்கள் படிக்கட்டு அடியிலிருந்து மாடி வரை ஒரே இரும்பு.

முகமூடியை இறக்கினால் உலகம் இருட்டு. பொத்தானை அழுத்தினால் நடுவில் மட்டும் நீலமாக ஒரு பகல். முதல் இணைப்பைப் போட்டேன். பொத்தான். அழகாகப் பற்றியது. நிறுத்தி, நகர்ந்து, மறுபடி பொத்தான். ஐந்து தடவை அழுத்தியிருப்பேன். ஆறாவதாக அழுத்த விரலை வைத்தபோது, ஷெட்டு வாசலிலிருந்து கவிதா கத்தினாள்.

“அப்பா! நிறுத்து! ஸ்விட்ச் ஆஃப் பண்ணு!”

முகமூடியைத் தூக்கினேன். எனக்கு மேலே, மூன்றாவது படியில், புட்டசாமி உட்கார்ந்திருந்தார். கண்கள் மூடியிருந்தன. ஒரு கை படிக்கட்டின் இரும்பைப் பிடித்திருந்தது. மறு கை நெஞ்சின் மேல் இருந்தது.

“சார்?”

பதில் இல்லை.

“சார்!”

“ஆய்த்தா?” என்று கண்ணைத் திறக்காமலே கேட்டார். “முடிஞ்சிருச்சா சகலை? வெல்டிங் பெளிச்சம் பாக்கக்கூடாது அல்லவா, அதுக்கே கண் மூடிக் குந்திக்கினேன். கேட்டில இருந்து கூப்பிட்டேன், உங்களுக்குக் கேக்கல.” அப்போதுதான் ஜெயம்மா ஆட்டோக்காரருக்குக் காசு கொடுத்துவிட்டு உள்ளே வந்துகொண்டிருந்தார். டாக்டர் இரண்டு நாள் முன்னதாகவே அனுப்பிவிட்டாராம். நெருப்பு அணைந்து, மிஷின் ஷெட்டுக்குள் இருந்ததால், ஜெயம்மா கண்ணில் பட்டது பாதிக் கைப்பிடி மட்டும்தான். புட்டசாமி என் தோளைப் பிடித்து எழுந்து, படிக்கட்டில் ஒவ்வொரு படியாக ஏறிப்போனார்.

கவிதா என்னை ஷெட்டுக்குள் இழுத்தாள். முகம் வெளுத்திருந்தது. “அவருக்கு நெஞ்சுல பேட்டரி வெச்சிருக்காங்கப்பா. இதயம் மெதுவா அடிக்குதுன்னு. காந்தம், வெல்டிங் எதுவும் கிட்ட வரக்கூடாதுன்னு டாக்டர் ஆன்ட்டிகிட்டதான் சொன்னார், அவருக்குத் தெரியாது. அவர் வீட்டுக்கு வந்துட்டா டாக்டரைக் கேக்காம மிஷினைத் தொட மாட்டீங்கதானேன்னு ஆன்ட்டி ஆஸ்பத்திரியில கேட்டாங்க. நீதானே ஹௌது ஹௌதுன்னு தலையாட்டின?”

பாய் பட்டறையில் அடித்த ஜோக் எனக்குள் திரும்ப ஒலித்தது. எங்க வீட்ல யாருக்கும் நெஞ்சே கிடையாது. இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.

“இப்பவே போய்ச் சொல்லலாம்ப்பா. செக் பண்ணணும்.”

“அவருக்கு ஒண்ணும் ஆகலையே. நடந்து போனாரே.”

“உள்ள இருக்கிற மிஷின் எப்படி இருக்குன்னு வெளிய எப்படித் தெரியும்?”

“சொன்னா வீட்டைக் காலி பண்ணச் சொல்லுவாங்கடி.”

“சொல்லலேன்னா?”

நான் முகமூடியை மறுபடி முகத்தில் இறக்கிக்கொண்டேன்.

5

பயம் என்பதில் நான் நிபுணன். ஆனால் இது புது வகை. பழைய பயத்துக்கு ஒரு துடைப்பம் துணைக்கு இருந்தது.

எங்கள் படுக்கையறைக்கு நேர் மேலே புட்டசாமியின் அறை. அவர் மரக்கட்டைச் செருப்புப் போடுவார். காலை ஆறரைக்கு எழுந்தால் டொக், டொக், டொக் என்று பதினொரு சத்தம், ஜன்னலுக்கு. பிறகு ஒன்பது, குளியலறைக்கு. பத்து வருஷமாக அந்தச் சத்தத்தை நான் திட்டாத நாள் இல்லை. திங்கள் காலை அதற்காகக் காதைக் கூரையில் வைத்துக் காத்திருந்தேன். பதினொன்றும் வந்தது. எட்டாவதுக்கும் ஒன்பதாவதுக்கும் நடுவில் ஓர் இடைவெளி. அந்த இடைவெளியில் நான் மூன்று தடவை செத்தேன். பிறகு ஒன்பதாவது வந்தது. மூக்கு சிந்தியிருக்கிறார்.

கடைக்குக் கிளம்பும்போது கேட்டருகே நின்று, “நல்லாருக்கீங்களா சார்?” என்றேன். மத்தியானம் கடையிலிருந்து போன் போட்டு வசந்தாவை விட்டுக் கேட்டேன். சாயங்காலம் ஒரு சாத்துக்குடியோடு மாடிக்குப் போய்க் கேட்டேன். போகிற சாக்கில் அவர் மணிக்கட்டைப் பிடித்து, “கைக்கடிகாரம் புதுசா சார்?” என்று நாடி பார்த்தேன். எண்ணுவதற்குள் கையை இழுத்துக்கொண்டார். “பழசு. நீங்கதானே நடுங்கறீங்கோ சகலை, ஜுரமா?”

கடையில் ஒருவருக்குக் கண் பரிசோதித்தபோது, “மேல் வரி படிங்க, மூச்சு நல்லா வருதா?” என்று கேட்டுத் தொலைத்தேன். முதலாளி என்னை உற்றுப் பார்த்தார்.

வசந்தாவிடம் சொன்னேன். அவள் நான் எதிர்பார்த்தபடி கத்தவில்லை. சமையலறையிலிருந்து வந்து கட்டிலில் உட்கார்ந்தாள். “அன்னைக்குத் தண்ணிச் சண்டையில அவர் கேட்டுகிட்ட நின்னாரே. தமிழ்க்காரங்க உள்ள இருக்காங்கன்னு சொல்லியிருந்தா அவருக்கு என்னா போச்சு?” என்று மட்டும் கேட்டாள். பிறகு போய்ப் பருப்பைத் தாளித்தாள். கவிதா என்னோடு பேசுவதையே நிறுத்திவிட்டாள். மாடியிலேயே இருந்தாள், ஜெயம்மாவோடு; சொல்ல வேண்டியவன் நான்தான் என்று விட்டுவைத்திருந்தாள். மூன்று நாளில் என் மகள் மாடிக்குக் குடிபோய்விட்டது போல இருந்தது. கீழே வரும்போதெல்லாம் என்னை ஒரு பார்வை பார்ப்பாள். பேட்டரி தீர்ந்த டார்ச் லைட்டைப் பார்ப்பது போல.

தினமும் சொல்லிவிடுவது என்று முடிவு எடுத்தேன். தினமும் ஒரு நல்ல காரணம் கிடைத்தது. திங்கள், அவர் தூங்குகிறார். செவ்வாய், உறவினர் வந்திருக்கிறார்கள். பயந்தவனுக்குக் காரணம் கிடைப்பதில் பஞ்சமே கிடையாது நண்பர்களே.

6

புதன் காலை ஆறரை. சத்தம் இல்லை.

ஆறு நாற்பது. இல்லை. கட்டில்மேல் ஏறி நின்று கூரைக்குப் பக்கத்தில் காதை வைத்தேன். ஆறே முக்காலுக்கு ஜெயம்மா பால் வாங்கப் போகும் கேட் சத்தம் கேட்டது. அப்படியானால் அவர் தனியாக. நான் லுங்கியோடு ஓடினேன். பாதி முடிந்த கைப்பிடியைப் பிடித்துக்கொண்டே ஏறினேன். கதவு திறந்திருந்தது. கட்டில் காலி. குளியலறைக் கதவு உள்ளே தாழ் போட்டிருந்தது.

“சார்!”

சத்தமில்லை.

“சார்! சார்!”

உள்ளேயிருந்து ஒரு முனகல் வந்தது. அவ்வளவுதான், எனக்குள் கட்டியிருந்தது உடைந்துவிட்டது. அந்த மரக்கதவில் நெற்றியை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் கொட்டினேன். பொத்தான், கிளிப், படிக்கட்டின் இரும்பு, ஐந்து தடவை, அவர் கை, நெஞ்சு. ஜெயம்மா சொன்னது எனக்குப் புரியவில்லை, புரியாமலே ஹௌது என்றேன், மூன்று நாளாகச் சொல்லாமல் ஒளித்தேன், தயவுசெய்து செத்துப்போகாதீர்கள், ஆட்டோ கொண்டுவருகிறேன். எல்லாம் கன்னடத்தில். பத்து வருஷத்தில் நான் பேசிய மொத்தக் கன்னடமும் அதில் பாதி இருக்காது. எங்கேயோ கேட்டு, எங்கேயோ தங்கியிருந்த வார்த்தைகளெல்லாம் வரிசை தப்பி வந்து விழுந்தன.

உள்ளே தண்ணீர் ஊற்றும் சத்தம். பிறகு இன்னொரு வாளி. தாழ் விலகியது. புட்டசாமி கையில் மடித்த செய்தித்தாளோடு நின்றார். காலில் புதிதாக ரப்பர் செருப்பு. தரை சில்லென்று இருக்கிறதென்று முந்தின நாள் ஜெயம்மா வாங்கிப் போட்டதாம்.

“சகலை” என்றார். “நீங்க இப்போ பேசினது கன்னடமா?”

“ஹௌது” என்றேன். இது நிஜமான ஹௌது.

அவர் சிரிக்கவில்லை. என்னைத் தாண்டிப் போய் நாற்காலியில் உட்கார்ந்தார். “முப்பது வருஷம் பஸ்ஸுல ஏறி ஏறி மூஞ்சி பாத்தவன் நான். டிக்கெட் எடுக்காதவன் ஜன்னல் பக்கம் பாப்பான், இல்லாட்டி ரொம்ப நல்லா பேசுவான். நீங்க மூணு நாளா ரெண்டும் செய்றீங்கோ. கைக்கடிகாரம் புதுசான்னு வேற கேட்டீங்கோ. என்ன தப்புன்னு தெரியாது. தானா இறங்கி வருவீங்கோன்னு பாத்தேன்.” மார்பைத் தடவிக்கொண்டார். “ஆனா சகலை, இது டிக்கெட் இல்ல. இது நான்.”

நான் கதவுப் பக்கம் திரும்பினேன்.

வாசலில் பால் பையோடு ஜெயம்மா நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக என்று தெரியாது. அவர் அழவில்லை. மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக, எனக்குப் புரியவேண்டும் என்பதற்காகவே பேசினார். உங்கள் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். நம்பித்தானே ஒற்றிக்கொண்டேன். அந்த மிஷின் இன்றைக்கே வெளியே போகட்டும். போகாவிட்டால் நீங்கள் போங்கள்.

ஒரு சொல் விடாமல் புரிந்தது.

7

ஒன்பது மணிக்கு ஆஸ்பத்திரியில் இருந்தோம். சிறிய ரேடியோப் பெட்டி போல ஒன்று. அதிலிருந்து ஒயர் போட்ட வட்டத்தைப் புட்டசாமியின் மார்பின் மேல் வைத்தார், நெஞ்சுப் பேட்டரியைச் சோதிக்கும் டெக்னீஷியன். திரையில் கோடுகள் ஓடின. நான் மூலையில் நின்றேன். ஜெயம்மா நாற்காலியில். கவிதா எனக்கும் அவருக்கும் நடுவில் நின்றாள். எந்தப் பக்கம் என்று சொல்ல முடியாத இடம். எவ்வளவு நேரம் என்று என்னைக் கேட்காதீர்கள். என் கணக்கில் அது ஒரு ஐந்தாண்டுத் திட்டம்.

“எல்லாம் வைத்தபடியே இருக்கிறது. ஒன்றும் மாறவில்லை” என்றார் டெக்னீஷியன். பிறகு என்னைப் பார்த்து, அப்படி நடந்தால் அதே நாளில் கொண்டுவர வேண்டும், நல்லகாலத்தை நம்பி மூன்று நாள் வைத்திருக்கக் கூடாது என்றார். பொத்தான் மிஷின் அந்த வீட்டுக்கே வேண்டாம். உரசிப் பற்றவைக்கும் மிஷின்கூட, இவர் வீட்டில் இல்லாதபோதுதான். நான் தலையாட்டப் போனேன். கவிதா என் முதுகில் இடித்தாள். அதனால் தலையாட்டாமல், அவர் சொன்னதை முதலிலிருந்து திருப்பிச் சொன்னேன். ஜெயம்மா முதல் தடவையாக என்னைத் திரும்பிப் பார்த்தார்.

மத்தியானமே மிஷினைத் தள்ளுவண்டியில் ஏற்றிப் பாயிடம் போனேன். நடந்ததைக் கேட்டுவிட்டு அவர் கையிலிருந்த டார்ச்சைக் கீழே வைத்தார். “அன்னைக்கு நீங்க சிரிக்க வெச்சீங்க, நானும் சிரிச்சிட்டேன். நானும் மறுபடி கேட்டிருக்கணும் சாப்” என்றார். உரசும் மிஷினை அவரே துடைத்துக் கொடுத்தார். யாராவது வீட்டுக்கு வெல்டிங் மிஷின் வாங்குவதானால் என் ஆலோசனை இதுதான்: எதை ஒட்டப்போகிறீர்கள், மீட்டர் என்ன தாங்கும் என்று பார்த்துவிட்டு, மாடியில் யார் இருக்கிறார்கள் என்றும் பாருங்கள். மலிவானதை வாங்குங்கள். பொத்தான் வேண்டாம்.

அந்த மிஷினையும் ஜெயம்மா ஒரு மாதம் கேட்டுக்குள் விடவில்லை. பாய் பட்டறையிலேயே கிடந்தது. அந்த மாதம் முழுக்கப் புட்டசாமி பாதிக் கைப்பிடியைப் பிடித்து ஏறி, மீதிப் பாதிக்குச் சுவரைப் பிடித்தார். கடைசியில் ஒரு ஞாயிறு காலை ஜெயம்மா கீழே வந்தார். தாங்கள் இருவரும் ரிச்சர்ட்ஸ் டவுனில் பழைய டிரைவர் நண்பர் வீட்டுக்குச் சாப்பிடப் போவதாகவும், நான்கு மணிவரை வரமாட்டோம் என்றும், அதற்குள் வேலையை முடித்து மிஷினைத் திருப்பி அனுப்பிவிட வேண்டும் என்றும் கன்னடத்தில் சொன்னார். சொல்லிவிட்டு நின்றார்.

“நான் என்ன சொன்னேன்? சொல்லுங்கள்.”

நான் கன்னடத்தில் திருப்பிச் சொன்னேன். நான்கு மணி என்பதை மட்டும் தப்பாகச் சொன்னேன். உள்ளேயிருந்து கவிதா திருத்தினாள். இப்போது வீட்டு வழக்கமே இதுதான். ஜெயம்மா எனக்குத் தண்ணீர் வராத நாளைச் சொன்னாலும், நான் பரீட்சை எழுதித்தான் தேற வேண்டும். என் ஹௌதை இந்தத் தெருவில் யாரும் வாங்கிக்கொள்வதில்லை.

கைப்பிடியை முடித்தேன். ஆனால் உரசிப் பற்றவைப்பதில் என் கை இன்னும் பழகவில்லை. மேலிருந்து நாலாவது படிக்கு நேராக, முனை ஒட்டிக்கொண்டு, பட்டாணி அளவுக்கு ஒரு கொப்புளம் விழுந்துவிட்டது. விருந்தாளிகள் வந்தால் வசந்தாவுக்கு அது மானப் பிரச்சினை. சாணை பிடித்துத் தேய்த்துவிடுங்கள் என்கிறாள்.

தேய்க்கவில்லை. புட்டசாமி இப்போது ரப்பர் செருப்பில் நடக்கிறார், கூரையில் சத்தம் வருவதில்லை. ஆனால் காலை ஏழு மணிக்குச் செய்தித்தாள் எடுக்க இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்து வருவார். அவர் விரலில் ஒரு செப்பு மோதிரம் உண்டு. அது அந்தக் கொப்புளத்தில் பட்டு ‘டிங்’ என்கிறது.

அதைக் கேட்ட பிறகுதான் நான் காபி குடிக்கிறேன்.